எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை: தேடல் முதல் பயணம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் மேற்படிப்பு என்றதும் நம் வீடுகளில் பேச்சு இரண்டு இடங்களில்தான் தொடங்கும்: எந்த கன்சல்டன்சி, எந்த வங்கியில் கடன். இரண்டுமே தேவைப்படாத ஒரு வழி 2004 முதல் திறந்திருக்கிறது. அதுதான் ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகள். உதவித்தொகை கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம் கிடையாது, மருத்துவக் காப்பீடு படிப்பை நடத்துகிறவர்களின் பொறுப்பு, செலவுக்கு மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு. வயது வரம்பும் இல்லை. இதை அதிகம் பெறும் நாடுகளின் வரிசையில் இந்தியா பல ஆண்டுகளாக முன்னணியில் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் ஊர் கலை அறிவியல் கல்லூரிகளில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இது இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒரு பல்கலைக்கழகத்தில் அட்மிஷன் வாங்குவது போன்ற வேலை இல்லை. நீங்கள் விண்ணப்பிப்பது பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்புக்கு. அந்தக் கூட்டமைப்பு ஏன் சேர்ந்தது, எந்த ஊரில் என்ன சொல்லித் தருகிறது என்பதைப் புரிந்துகொண்டவருக்கு விண்ணப்பத்தில் பாதி முடிந்த மாதிரி. நல்ல மதிப்பெண் இருந்தும் கிடைக்காமல் போகிறவர்களில் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இந்த வழிகாட்டி முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்னணி

1958இல் சோஃபியா கொராடி என்ற இத்தாலிய மாணவி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து ரோமுக்குத் திரும்பினார். அங்கே படித்ததைத் தன் படிப்போடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது ரோம் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. வெளியில் படித்தது உள்ளூரில் செல்ல வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் அவர் வாதாடினார். 'எராஸ்மஸின் அம்மா' என்ற பட்டப்பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் பக்கத்து நாடுகளுக்குப் போய்ப் படித்தார்கள்.

1999இல் 29 நாடுகள் போலோன்யா பிரகடனத்தில் கையெழுத்திட்டன. இளங்கலை, முதுகலை என்ற படிநிலைகளும், இ.சி.டி.எஸ். என்ற கிரெடிட் கணக்கும் ஐரோப்பா முழுக்கப் பரவியது இதற்குப் பிறகுதான். ஓர் ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஒரு நாட்டில் எடுத்த கிரெடிட் அடுத்த நாட்டில் செல்லும் என்ற நிலை வந்தபிறகுதான் மூன்று நாடுகள் சேர்ந்து ஒரே முதுகலைப் பட்டம் தருவது நடைமுறைக்கு வந்தது. 2004இல் அந்தக் கதவை உலகத்தின் மற்ற பகுதிகளுக்கும் திறந்ததுதான் எராஸ்மஸ் முண்டஸ். இப்போது இது எராஸ்மஸ் பிளஸ் என்ற பெரிய திட்டத்தின் ஒரு பகுதி. தற்போதைய காலகட்டம் 2021 முதல் 2027 வரை.

முதல் படி: விதிகளைத் தெரிந்துகொள்வது

குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்தால்தான் இப்படி ஒரு படிப்பை நடத்த முடியும். படிப்பு 60, 90 அல்லது 120 கிரெடிட். ஒவ்வொரு மாணவரும் குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும். அந்த இரண்டும், சேரும் நேரத்தில் அவர் வசிக்கும் நாடாக இருக்கக் கூடாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கு இதில் சிக்கல் இல்லை. ஏற்கெனவே வேலைக்காக ஜெர்மனியில் இருக்கும் தமிழர் ஒருவர் விண்ணப்பித்தால், ஜெர்மனி அவருக்கு அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் வராது. வழித்தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் விண்ணப்பிக்க வேண்டும்.

மாதம் 1,400 யூரோ என்பது எல்லாம் உள்ளடக்கிய தொகை. விமானம், விசா, வாடகை, சாப்பாடு, நாடு விட்டு நாடு போகும் செலவு எல்லாம் அதற்குள்தான். பயணத்துக்குத் தனித் தொகை இருந்ததெல்லாம் பழைய விதி. இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னமும் அதை எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. உடல் ஊனமுற்ற மாணவர்களின் கூடுதல் தேவைகளுக்கு மட்டும் தனி நிதி இருக்கிறது. அப்படித் தேவை உள்ளவர்கள் விண்ணப்பத்திலேயே தயங்காமல் குறிப்பிடலாம்.

இன்னொன்று: இதே உதவித்தொகையில் ஏற்கெனவே ஒரு முதுகலை படித்தவருக்கு மறுபடி கிடைக்காது. ஆனால் ஊரில் எம்.எஸ்சி., எம்.ஏ. முடித்தவர் விண்ணப்பிக்கத் தடையில்லை.

இரண்டாம் படி: நமக்குத் தகுதி இருக்கிறதா?

இளங்கலைப் பட்டம் வேண்டும். கடைசி ஆண்டில் இருப்பவர்களையும் பெரும்பாலான படிப்புகள் ஏற்கின்றன, சேரும் தேதிக்குள் பட்டம் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நம்மூர் பல்கலைக்கழகங்கள் புரொவிஷனல் சான்றிதழ் தரும் வேகம் தெரிந்ததுதான். கடைசி செமஸ்டர் முடிவு எப்போது வரும் என்று தேர்வுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். படித்தவர்கள் மூன்றாண்டுப் பட்டம் போதுமா என்று தயங்குவார்கள். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது வரும் தயக்கம் அது. ஐரோப்பாவிலேயே இளங்கலை என்பது 180 முதல் 240 கிரெடிட், அதாவது மூன்று அல்லது நான்கு ஆண்டுதான். அதனால் மூன்றாண்டுப் பட்டத்தைப் பல படிப்புகள் ஏற்கின்றன. சில படிப்புகள் மட்டும் 240 கிரெடிட் கேட்கும். ஒவ்வொன்றின் தளத்திலும் அது எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அரியர் வைத்திருந்து பிறகு பாஸ் செய்தவர்கள் அதனாலேயே ஒதுங்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணுக்கு எடை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அது பங்கீட்டில் ஒரு பகுதிதான். மற்ற பகுதி நோக்கக் கடிதம், பரிந்துரை, அனுபவம், மொழி. பல கூட்டமைப்புகள் எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அட்டவணையைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, உழைப்பை அதற்கேற்பப் பங்கு போடுங்கள்.

மூன்றாம் படி: படிப்பைத் தேர்ந்தெடுப்பது

எராஸ்மஸ் முண்டஸ் கேட்டலாக் என்று ஐரோப்பிய ஆணையத்தின் நிறுவனம் ஒரு பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாத் தேடலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பொறியியல் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெண்ணிய, பாலின ஆய்வுக்கு ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஜெம்மா, இதழியலுக்கு டென்மார்க்கின் ஆர்ஹூஸ் ஒருங்கிணைக்கும் படிப்பு, கடல் உயிரியலுக்கு பெல்ஜியத்தின் கென்ட்டிலிருந்து நடக்கும் ஒன்று, வயலிலும் கடலடியிலும் வேலை செய்யும் ரோபோக்களுக்கு ஸ்பெயினின் ஜிரோனாவிலிருந்து ஒன்று, பெருந்தரவுக்கு பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். கணினியில் தமிழ் என்று அலைகிறவர்களுக்கு மொழித் தொழில்நுட்பப் படிப்பு ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஸார்லாண்ட், நெதர்லாந்தின் கிரோனிங்கன், செக் நாட்டின் சார்லஸ் பல்கலைக்கழகம் போன்றவை சேர்ந்து நடத்துவது அது.

பட்டியலில் பெயர் இருந்தாலே உதவித்தொகை இருக்கிறது என்று பொருளில்லை. ஐரோப்பிய ஆணையம் ஒரு படிப்புக்கு நிரந்தரமாக நிதி தருவதில்லை. ஆறு ஆண்டு அளவில் ஒரு ஒப்பந்தம், அதற்குள் குறைந்தது நான்கு சேர்க்கைகள், அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்ததும் கூட்டமைப்பு மறுபடி போட்டியிட்டு நிதி வாங்க வேண்டும். வாங்காத ஆண்டில் படிப்பு நடக்கலாம், உதவித்தொகை இருக்காது. 'இந்தச் சேர்க்கைக்கு உதவித்தொகை உண்டு' என்று படிப்பின் தளத்திலேயே எழுதியிருப்பதைப் பார்க்காமல் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத கணக்கு. ஒரு ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் ஒரு படிப்புக்குப் பொதுப் பங்கில் அதிகபட்சம் 60 உதவித்தொகைகள். அதில் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. அதாவது நான்கு சேர்க்கைகளுக்கும் சேர்த்து இந்தியர்கள் ஆறு பேர். ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். குறிப்பிட்ட உலக வட்டாரங்களுக்கென்று தனி நிதி ஒதுக்கப்பட்டிருக்கும் படிப்புகளில் அந்த இடங்கள் இந்தக் கணக்கில் சேராது. எனவே உங்கள் போட்டி உலகத்தோடு இருப்பதைவிட, அதே படிப்புக்கு விண்ணப்பிக்கும் மற்ற இந்தியர்களோடுதான் அதிகம். டேட்டா சயன்ஸ் மாதிரியான படிப்புகளில் இந்தியக் கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம். மீன்வளம், கால்நடைத் தீவனம், பழைய கட்டடப் பாதுகாப்பு போன்ற துறைகளில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு சாதகம். இலங்கைத் தமிழர்களுக்கும் அப்படியே. இலங்கை என்ற கணக்கில் போட்டி இந்தியா அளவுக்கு இருக்க வாய்ப்பில்லை.

முன்பு ஒருவர் ஓர் ஆண்டில் மூன்று படிப்புகளுக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தது. 2021க்குப் பின் அது எடுக்கப்பட்டுவிட்டது. உடனே பத்துப் பதினைந்துக்கு அனுப்புகிறவர்கள் வந்துவிட்டார்கள். என் கருத்து: மூன்று அல்லது நான்கு போதும். அதற்குமேல் போனால் நோக்கக் கடிதங்களில் பெயர் மட்டும்தான் மாறும், படிக்கிறவருக்கு அது தெரிந்துவிடும்.

நான்காம் படி: காகிதங்கள்

பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பம், அடுத்த செப்டம்பரில் வகுப்பு. அப்படியென்றால் ஜூலையிலேயே காகித வேலையைத் தொடங்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதை முதலில். இரண்டு ஆண்டுப் படிப்பு முழுக்க அது செல்லுபடியாகும்படி இருந்தால் பின்னால் தலைவலி இல்லை.

பட்டச் சான்றிதழும், எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் ஒன்றாக உள்ள டிரான்ஸ்கிரிப்ட்டும் வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகத்தில் தனியாகக் கட்டணம் கட்டி வாங்க வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் ஆகலாம். மதிப்பெண் முறையை விளக்கும் பக்கமும் (ஓ என்றால் 10, குறைந்தபட்சத் தேர்ச்சி எவ்வளவு என்பதெல்லாம்) அதோடு இருக்கட்டும். நம் 8 புள்ளியை ஐரோப்பியப் பேராசிரியர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அந்தப் பக்கத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்ற அங்கே புழங்கும் பவேரியச் சூத்திரத்தின்படி, 10க்கு 8 எடுத்து, குறைந்தபட்சத் தேர்ச்சி 5 என்றால் அது 2.2 ஆகிறது. அங்கே 1 தான் உச்சம், 4 தேர்ச்சி எல்லை. குறைந்தபட்சத் தேர்ச்சியை 4 என்று யாராவது தவறாக எடுத்துக்கொண்டால் உங்கள் மதிப்பெண் சும்மாவே 2.0 ஆகிவிடும், 6 என்று எடுத்துக்கொண்டால் 2.5க்கு இறங்கிவிடும்.

ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல். இளங்கலை ஆங்கில வழியில் படித்தேன் என்று கல்லூரி தரும் கடிதத்தைச் சில படிப்புகள் ஏற்கும், சில ஏற்காது. அக்டோபர் தேதிகளுக்கு முன்பே எழுதிவிட்டால் கைவசம் இருக்கும்.

இருப்பிடச் சான்று என்று ஒன்று பல படிப்புகள் கேட்கும். நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம். கல்லூரியோ வேலை செய்யும் நிறுவனமோ சமீபத் தேதியிட்டுத் தரும் கடிதம், அல்லது உள்ளூர் அரசு அலுவலகம் தரும் சான்று. எதை ஏற்பார்கள் என்று தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியை மட்டும் ஏற்காத படிப்புகள் உண்டு.

தன்விவரக் குறிப்புக்கு ஐரோப்பாவின் பொது வடிவமான யூரோபாஸ் கேட்டால் அதிலேயே கொடுத்துவிடுங்கள். அழகாக இல்லைதான், ஆனால் அதைப் படிக்கிறவர்களுக்குப் பழகிய வடிவம் அது.

ஐந்தாம் படி: நோக்கக் கடிதம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். 'சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தத் துறையில் ஆர்வம்', 'உங்கள் உலகத்தரம் வாய்ந்த பல்கலைக்கழகத்தில்' என்று தொடங்கும் கடிதங்கள் தேர்வுக் குழுவுக்குக் குவியல் குவியலாக வரும். எந்தப் பல்கலைக்கழகம்? நான்கு இருக்கின்றனவே!

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வெள்ள அபாய மேலாண்மை என்று ஒரு முண்டஸ் படிப்பு. டிரெஸ்டன், டெல்ஃப்ட், பார்சலோனா, லுப்லியானா ஆகிய நான்கு ஊர்கள். ஏன் இந்த நான்கு? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் 2002 ஆகஸ்டில் எல்பே ஆற்றின் பெருவெள்ளத்தில் மூழ்கியது. டெல்ஃப்ட் இருப்பது கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் உள்ள நெதர்லாந்தில், நீர்க் கல்விக்கென்றே ஒரு நிறுவனம் அங்கே இருக்கிறது. பார்சலோனா மத்தியதரைக் கடலோரம். திடீர்ப் பெருமழையும் நகர வடிகாலும் அந்த ஊரின் தினசரிக் கவலை. லுப்லியானா, ஸ்லோவேனியா என்ற மலை நாட்டின் தலைநகரம்.

இப்போது 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் வீடு மூழ்கக் கண்ட ஒரு சிவில் பொறியாளர் கடிதம் எழுதுகிறார் என்று வையுங்கள். 'வெள்ளத்தைப் பார்த்து மனம் உடைந்தேன்' என்பதோடு நிறுத்தினால் அது இரக்கம் தேடும் கடிதம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறப்பதற்கும் கீழே நகரத்துக்குள் நீர் ஏறுவதற்குமான இடைவெளியை முன்கணிப்பது தன் கேள்வி என்கிறார். அதற்குத் தன் இளங்கலைத் திட்டப்பணியில் இந்தத் தரவை வைத்து இவ்வளவு செய்தேன், மாதிரி உருவாக்கத்தில் இங்கே திணறினேன், அது டெல்ஃப்ட் பாடத்தில் இருக்கிறது, மக்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரும் பகுதிக்கு டிரெஸ்டனின் 2002 அனுபவம் வேண்டும் என்று எழுதுகிறார். இவரை யார் ஒதுக்குவார்கள்? அவருக்கு 7.2 புள்ளிதான் என்றாலும் குழு நின்று படிக்கும்.

இதை எழுத ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பாடத் தலைப்புகளையும் பேராசிரியர்களின் ஆய்வுகளையும் படிக்க வேண்டும். ஒரு படிப்புக்கு ஒரு வாரம் போய்விடும். போகட்டும். படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்ற பகுதியையும் பொதுவாக விடாதீர்கள். 'நாட்டுக்குச் சேவை' என்பதைவிட எந்த மாதிரி வேலை, எந்த மாதிரி நிறுவனம் என்பது மேல். ஊர் திரும்புவேன் என்று பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, யாரும் அதை நிபந்தனையாக வைக்கவில்லை.

கன்சல்டன்சிகள் எழுதித் தரும் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே நடையில் பத்துப் பேருக்கு எழுதியது பத்தும் ஒரே குழுவின் மேசைக்குப் போகும். அங்கே ஒன்றுக்கு மேல் விழுந்தால் கதை முடிந்தது. இந்தப் படிப்புகளுக்கு இடைத்தரகர் வழி என்று ஒன்று கிடையவே கிடையாது. விண்ணப்பம் நேராகக் கூட்டமைப்பின் தளத்தில், பெரும்பாலும் கட்டணமே இல்லாமல்.

ஆறாம் படி: பரிந்துரைக் கடிதங்கள்

வழக்கமாக இரண்டு. பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு நேராக இணைப்பு போகும், அவர்தான் ஏற்ற வேண்டும். கல்லூரியின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியையே பல படிப்புகள் விரும்புகின்றன. ஜிமெயில் மட்டும் வைத்திருக்கும் சாரிடம் அதைப் பக்குவமாக முன்பே சொல்லிவிடுங்கள். 'நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பது நம் கல்லூரிகளில் சகஜம். அப்படி எழுதினால் அது உங்கள் நோக்கக் கடிதத்தின் நடையிலேயே வந்துவிடும். அதைவிட, உங்கள் திட்டப்பணி, அவர் வகுப்பில் நீங்கள் செய்தது, படிப்பு எதைத் தேடுகிறது என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுத்துவிட்டு, அவரை அவர் மொழியில் எழுதச் சொல்லுங்கள். துறைத் தலைவரின் பதவியைவிட உங்களை உண்மையாகத் தெரிந்த உதவிப் பேராசிரியரின் வார்த்தைக்கு எடை அதிகம்.

கடைசித் தேதி அவருக்கும் அதேதான் என்பதை மறந்துவிடுவார்கள். இரண்டு வாரம் முன்பு ஒருமுறை, மூன்று நாள் முன்பு ஒருமுறை நினைவுபடுத்துங்கள். தப்பில்லை.

ஏழாம் படி: சமர்ப்பிப்பது

நேரம் ஐரோப்பிய நேரம். குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பா நம்மைவிட நான்கரை மணி நேரம் பின்னால். மாலை 5 மணி என்று போட்டிருந்தால் நமக்கு இரவு 9.30. நள்ளிரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை 4.29. கடைசி நாளில் தளம் திணறும், கோப்பு ஏறாது, எல்லாம் நடக்கும். இரண்டு நாள் முன்பே முடித்துவிட்டு, உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். விண்ணப்பத்தில் உதவித்தொகை வேண்டுமா, சுயநிதியா என்ற கேள்வி இருக்கும். அதைச் சரியாகக் குறித்தீர்களா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: முடிவுகள்

சில படிப்புகள் ஆன்லைன் நேர்காணல் வைக்கும், சில வைக்காது. வைத்தால் பெரும்பாலும் கடிதத்தில் எழுதியதைத்தான் கிளறுவார்கள். அதனால் எழுதியது உங்களுடையதாக இருந்தால் பயமில்லை.

வசந்த காலத்தில் முடிவு வரும். மூன்று விதமாக: முதன்மைப் பட்டியல், காத்திருப்போர் பட்டியல், நிராகரிப்பு. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம். முன்னால் இருப்பவர்கள் வேறு படிப்பையோ வேறு உதவித்தொகையையோ தேர்ந்துகொண்டு விலகுவது எல்லா ஆண்டும் நடக்கிறது, சில நேரம் கோடையில்கூட அழைப்பு வருகிறது. இடம் உண்டு, உதவித்தொகை இல்லை என்று சுயநிதிக்கு ஒரு கடிதம் வரலாம். அதைப் பார்த்து உடனே கடன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை, இரண்டாம் முறையில் கிடைத்தவர்கள் நிறையப் பேர்.

ஒன்பதாம் படி: விசா

முதல் செமஸ்டர் எந்த நாட்டிலோ அந்த நாட்டின் நீண்டகால விசா. உதவித்தொகைக் கடிதமே வருமானச் சான்றாக ஏற்கப்படும் என்பது பெரிய நிம்மதி. ஜெர்மனிக்குச் சொந்தச் செலவில் போகிறவர்கள் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கு கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) போட்டுக்காட்ட வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் புரியும்.

நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு. பிரான்ஸ் என்றால் வெளிநாட்டு மாணவர்களுக்கான அந்நாட்டு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸில் பதிவும் நேர்காணலும் முதலில், விசா பிறகு. போய்ச் சேர்ந்தபின் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் விசாவைச் செல்லுபடியாக்க வேண்டும். ஜெர்மனி என்றால் 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு, கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். அரசு நிதி உதவித்தொகை சிலவற்றுக்கு விலக்கு உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று தூதரகத் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் மெய்ச்சான்று) கேட்டால் முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. இதற்குச் சில வாரம் ஒதுக்குங்கள். இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு, கொழும்பில் தூதரகம் இல்லாத நாடு என்றால் டெல்லி வழியாக வேலை நடக்கும். அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டாம் நாட்டுக்கு மாறும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாணவர்கள் ஒரு நாட்டின் அனுமதியோடு இன்னோர் ஒன்றிய நாட்டில் 360 நாள் வரை படிக்க 2016இன் ஐரோப்பிய உத்தரவு வழி செய்கிறது. ஆனால் டென்மார்க்கும் அயர்லாந்தும் அதில் சேரவில்லை. மற்ற நாடுகளிலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், காகிதம் கேட்பார்கள். முதல் செமஸ்டர் பாதியிலேயே கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு இதைத் தொடங்கிவிடுங்கள்.

பத்தாம் படி: முதல் மாதப் பணம்

உதவித்தொகை, நீங்கள் போய்ப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரத் தொடங்கும். விசா கட்டணம், விமான டிக்கெட், வீட்டு அட்வான்ஸ், முதல் மாத வாடகை எல்லாம் கையிலிருந்து போட வேண்டும். இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கினாலும் சில மாதங்களில் திருப்பிவிடலாம்.

1,400 யூரோ கிரனாடாவிலோ லுப்லியானாவிலோ தாராளம், மிச்சம் பிடிக்கலாம். பாரிஸிலும் கோபன்ஹேகனிலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். வீடு தேடுவதுதான் உண்மையான போராட்டம். நேரில் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். முன்னால் படித்தவர்களைக் கேளுங்கள்: 1989இல் தொடங்கிய எராஸ்மஸ் மாணவர் வலையமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் இருக்கின்றன, முண்டஸ் முன்னாள் மாணவர் சங்கமும் இருக்கிறது. அதே படிப்பில் ஓர் ஆண்டு மூத்தவர் தரும் ஒரு பெயரும் ஃபோன் நம்பரும் எந்த வீட்டுத் தளத்தையும்விட மேல்.

பட்டம் இந்தியாவில் செல்லுமா?

தனியார் வேலைக்கு யாரும் கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியர் பணி, அரசுப் பணி நினைப்பவர்கள் மட்டும், இந்தப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தகுதிச் சான்றைப் பற்றி யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பதற்கு யு.ஜி.சி. 2025இல் புதிய விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. 60 கிரெடிட், அதாவது ஓராண்டுப் படிப்பில் சேர்கிறவர்கள் அதைச் சேரும் முன்பே படித்துப் பாருங்கள். முடிக்கும்போது பட்டத்தோடு டிப்ளமா சப்ளிமென்ட் என்ற இணைப்பையும் தவறாமல் வாங்குங்கள். எந்தெந்த நாட்டில் என்ன படித்தீர்கள், எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

வேறு கதவுகள்

இப்போதுதான் கல்லூரியில் இருக்கிறீர்கள் என்றால், எராஸ்மஸ் பிளஸ்ஸின் குறுகிய காலப் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் போய்வரலாம். அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். பன்னாட்டு உறவுப் பிரிவு என்று ஓர் அறை எங்காவது இருக்கும், போய்க் கேளுங்கள். கேட்க யாரும் வராததால் வீணாகும் இடங்கள் இருக்கின்றன. ஜெர்மனி மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகைகள் உண்டு. முதுகலை மாணவர்களுக்கு மாதம் 992 யூரோ. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்றே வளர்ச்சி சார்ந்த படிப்புகளின் தனிப் பட்டியலும் அவர்களிடம் இருக்கிறது.

முதுகலைக்குப் பிறகு முனைவர் பட்டம் என்று எண்ணம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி ஸ்க்வடோவ்ஸ்கா கியூரி முனைவர் பட்ட வலையமைப்புகள். அது உதவித்தொகை மாதிரி இல்லாமல் சம்பளத்தோடு கூடிய வேலை. அங்கே ஒரு விதி: வேலையில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஒரு நாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டில் அந்த இடம் கிடைக்காது. முண்டஸ் படிப்பில் இரண்டாம் ஆண்டை எந்த நாட்டில் கழிப்பது என்று தேர்வு செய்யும்போது இதையும் மனதில் வையுங்கள். முனைவர் பட்டத்துக்கு நெதர்லாந்துதான் குறி என்றால், முதுகலையில் அங்கே ஒரு செமஸ்டரோடு நிறுத்திக்கொண்டு ஆய்வேட்டை வேறு நாட்டில் எழுதுவது நல்லது.